ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சியை வயலின், செல்லோவோட சேர்ந்து வாசிக்க முடியுமா? சுருதி சேருமா?

தாராளமா முடியும். ஆனா நீங்க பயப்படுற இடம் வேற, நிஜமா கஷ்டம் வர்ற இடம் வேற.

ஜப்பானுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, அதுல ஆறு வருஷமா ஷாகுஹாச்சி கத்துக்கிட்டு இருக்கேன். கடைசி ரெண்டு வருஷமா எங்க ஏரியா கம்யூனிட்டி ஹால்ல வயலின், வயோலா, செல்லோ வாசிக்கிற மூணு பேரோட மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து வாசிக்கிறோம். அதை வச்சுத்தான் சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. மூங்கிலோட வேர்ப்பக்கமா வெட்டி செய்யுற குழல் இது, நாதஸ்வரம் மாதிரி நேரா பிடிக்கணும், ஆனா சீவாளி கிடையாது, மேல் விளிம்பை சரிவா சீவி இருப்பாங்க, அதுல காத்து போய் மோதணும். முன்னாடி நாலு துளை, பின்னாடி ஒண்ணு. வழக்கமான சைஸ் ஒரு ஷாகு எட்டு சுன் (ஜப்பானோட பழைய நீள அளவு, பத்து சுன் ஒரு ஷாகு), அதாவது சுமார் 54.5 செ.மீ., பேரே அந்த அளவுல இருந்து வந்ததுதான். எல்லாத்தையும் மூடினா மேற்கத்திய கணக்குல டி, அப்புறம் ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டே போனா எஃப், ஜி, ஏ, சி. நம்ம காதுக்கு இது அப்படியே சுத்த தன்யாசி. எனக்கு முதல் வாரமே இது பிடிபட்டப்போ சொந்த ஊர் ஆள் ஒருத்தரை வழியில பாத்த மாதிரி இருந்துச்சு.

இப்ப சுருதிக்கு வருவோம். வயலின்ல திறந்த தந்தி ஜி, டி, ஏ, ஈ. வயோலா, செல்லோல சி, ஜி, டி, ஏ. ஷாகுஹாச்சில நல்லா கணீர்னு வர்ற சுரங்கள்ல முக்காவாசி அந்த தந்திகள்லயே இருக்கு. நான் அடி சுரம் ஊதுறப்போ (அதை 'ரோ'னு சொல்வாங்க) மடியில சும்மா கிடக்குற வயோலாவோட டி தந்தி தானா அதிரும், அதை வாசிக்கிற அம்மா ஒருநாள் என் விரலை பிடிச்சு அந்த தந்தி மேல வச்சு காட்டினாங்க. அதனால டி மைனர், ஜி மைனர் மாதிரி ஸ்கேல்ல எழுதின பாட்டுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. வேற ஸ்கேல்னா குழலை மாத்திடலாம், 1.6 ஷாகு நீளம்னா ஈ, 2.0 சி, 2.4 ஏ, கிட்டத்தட்ட ஒரு சுன்னுக்கு அரை சுரம்னு வச்சுக்கங்க. பியானோ மாதிரி வயலின் குடும்பத்துல சுரம் கட்டைக்கு ஒண்ணுன்னு நிலையா இருக்காதே, அவங்க விரலை ஒரு மயிரிழை நகத்தினா போதும், உங்ககிட்ட வந்துடுவாங்க. அதனால பேசவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், யார் யார்கிட்ட வரணும்னு. என் கருத்துல, அவங்கதான் வரணும்.

ஒரு எச்சரிக்கை, குளிர்காலம். குழலுக்குள்ள இருக்குற காத்து ஒரு டிகிரி சூடானா சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும் (அரை சுரத்துல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்), தந்தியோ சூட்டுல தளர்ந்து இறங்கும். ஜனவரியில ஹீட்டர் போட்டு அரை மணி நேரத்துல ரெண்டும் ஆளுக்கொரு திசையில போயிடும், திரும்ப டியூன் பண்ணிட்டுத்தான் தொடரணும்.

நிஜமான கஷ்டம் எங்கன்னா, 'மெரி' சுரங்கள்ல. அஞ்சு சுரத்துக்கு நடுவுல இருக்குறதை எடுக்கணும்னா துளையை பாதி மூடி, தாடையை கீழ இறக்கி ஊதணும். சுருதி இறங்கும், கூடவே சத்தமும் மெலிஞ்சு மங்கிடும், ஒரு மாதிரி உள்ளுக்குள்ள முனகுற குரல். ஜப்பான்காரங்க அந்த மங்கலைத்தான் அழகா ரசிக்கிறாங்க, பழைய துறவிகள் வாசிச்ச உருப்படிகள்ல உயிரே அங்கதான் இருக்கு. ஆனா பக்கத்துல செல்லோ முழு வில்லு போட்டு இழுத்தா அது காணாமலே போயிடும். எங்களுக்கு ரெண்டாவது மாசம் இப்படித்தான் ஆச்சு, ஆன்லைன்ல கிடைச்ச ஒரு நோட்டேஷன், ஈ ஃபிளாட்ல இருந்துச்சு, எனக்கு வந்ததெல்லாம் மெரி சுரம், கேக்கலையேன்னு பலமா ஊதினேன், பலமா ஊதினா சுருதி மேல ஏறிடும், மூணு பேரும் குழம்பி நிறுத்திட்டாங்க.

செல்லோ வாசிக்கிறவர் ரிட்டயர் ஆன பெரியவர். அவர் ஸ்டாண்டை ஒரு சாண் கீழ இறக்கி வச்சுட்டு, நான் இனிமே பேப்பரை பாக்கல, உங்க தாடையை பாத்து வாசிக்கிறேன்னார். வில்லை தந்திகளை தாங்குற பாலத்துக்கிட்ட இருந்து விரல்பலகை மேல கொண்டுபோய், வில்லோட முடியை ஓரமா சாய்ச்சு, தொட்டும் தொடாம இழுத்தார், விரலை ஆட்டி சுரத்தை அசைக்கிற வைப்ரேட்டோவை சுத்தமா நிறுத்திட்டார். என் தாடை இறங்குற அதே நேரத்துல அவர் விரலும் வழுக்கி இறங்குச்சு. அப்பதான் காதுல விழுந்துச்சு, வில்லு தந்தியில உரசுற அந்த 'ஸ்ஸ்ர்' சத்தமும் என் மூச்சு விளிம்புல உரசுற சத்தமும் ஒண்ணு. எது அவரோடது எது என்னோடதுன்னு எனக்கே பிரிக்க முடியல. சுருதி ரெண்டாவது விஷயம், இந்த உரசல்தான் ரெண்டு வாத்தியத்தையும் கட்டிப்போடுதுன்னு அன்னிக்கு இருந்து நம்புறேன்.

இது புதுசும் இல்ல. ஜப்பான்ல கோட்டோ, ஷாமிசென்ங்கிற மீட்டி வாசிக்கிற தந்தி வாத்தியங்கள் கூட மூணாவதா முதல்ல இருந்தது கொக்யூன்னு ஒரு வாத்தியம், வில்லு போட்டு வாசிக்கிறது. மூங்கில் கூடை மாதிரி தொப்பியால முகத்தை மூடிக்கிட்டு ஷாகுஹாச்சி ஊதின கொமுசோ துறவிகளோட ஃபுகே பிரிவை அரசாங்கம் 1871ல ஒழிச்சதுக்கப்புறம், ஊதுறவங்க பிழைப்புக்கு இந்த மாதிரி கச்சேரி பக்கம் நிறைய வந்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா கொக்யூ இடத்துல ஷாகுஹாச்சி உக்காந்துடுச்சு. அதாவது வில்லு வாத்தியத்தோட நாற்காலியிலதான் இது உக்காந்திருக்கு. அடுத்தது இன்னும் அழகு. கண் பார்வை இல்லாத கோட்டோ மேதை மிச்சியோ மியாகி 1929ல கோட்டோவுக்கும் ஷாகுஹாச்சிக்கும் 'ஹாரு நோ உமி'ன்னு ஒண்ணு எழுதினார், வசந்தகாலக் கடல்னு அர்த்தம், புத்தாண்டு சமயம் இங்க எந்த சூப்பர்மார்க்கெட்ல நுழைஞ்சாலும் அதான் ஓடும். 1932ல ஜப்பான் வந்த ரெனே ஷெமேன்னு பிரெஞ்சு வயலின் கலைஞர் அதுல ஷாகுஹாச்சி பாகத்தை வயலின்ல வாசிச்சாங்க, மியாகியோடயே ரெக்கார்டும் பண்ணாங்க. நாற்காலி திரும்பவும் வில்லு கைக்கு போயிடுச்சு பாருங்க.

இதுக்கு நேர் எதிரா ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகேமிட்சு 1967ல நியூயார்க் பில்ஹார்மோனிக்கோட 125வது வருஷத்துக்கு 'நவம்பர் ஸ்டெப்ஸ்' எழுதினப்போ கலக்கவே முயற்சி பண்ணல. ஷாகுஹாச்சில கட்சுயா யோகோயாமா, பிவாங்கிற ஜப்பானிய தந்தி வாத்தியத்துல கின்ஷி ட்சுருதா, நடத்தினது செய்ஜி ஒஸாவா. ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம் பேசும், இவங்க ரெண்டு பேரும் தனியா பேசுவாங்க, பெரும்பாலும் மாத்தி மாத்தித்தான். அதுவும் ஒரு சரியான பதில்தான், நான் தலைவணங்குறேன். ஆனா நாலு பேர் ஒரு ரூம்ல உக்காந்து வாசிக்க எனக்கு கலக்குறதுதான் வேணும்.

குழலை மேற்கத்திய பக்கம் இழுக்கவும் பாத்திருக்காங்க, கீ எல்லாம் வச்சு உலோகத்துல 'ஒக்ராவ்லோ'ன்னு ஒண்ணு போன நூற்றாண்டோட முதல் பாதியில வந்துச்சு, நிலைக்கல. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, தாடையும் மூச்சும் செய்யுற வேலையை கீ கையில குடுத்துட்டா அப்புறம் ஃப்ளூட் வாங்கிக்கலாமே.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா, உள்பக்கம் 'ஜி'ன்னு (சுரம் இல்ல, பூச்சோட பேரு) ஒரு பூச்சு பூசி சுருதி சரி பண்ணின குழலா, ஏ 442க்கு (ஏ சுரம் வினாடிக்கு 442 அதிர்வு) செஞ்சதா கேட்டு வாங்குங்க, ஜப்பான்ல வயலின்காரங்களும் 442தான் வைப்பாங்க. ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தா நாக்கால வெட்டாதீங்க, மரபுல துளையை விரலால தட்டித்தான் பிரிப்பாங்க, அதுக்கு வயலின்காரங்களும் வில்லு மாத்தாம ஒரே இழுப்புல பிரிச்சு வாசிச்சா ஜோடி சேரும். இங்க பழமொழியே இருக்கு, தலை ஆட்ட மூணு வருஷம், 'கொரோ'ங்கிற விரல் உத்தி எடுக்க எட்டு வருஷம்னு, அதனால அவசரப்படாதீங்க.

முதல் நாள் பாட்டே வேண்டாம். நீங்க 'ரோ' மட்டும் ஊதுங்க, ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து மெதுவா வந்து மெதுவா அடங்குற மாதிரி. மத்தவங்க எண்ணாம, தாளம் போடாம, உங்க மூச்சு உள்ள போறதை பாத்து வில்லை தந்தியில வைக்கட்டும். பத்து நிமிஷம் இதையே பண்ணிட்டு அப்புறம் நோட்டை திறங்க.