பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் வரலாறு: கேளுங்க, சொல்றேன்

தி ஓப்பன் சாம்பியன்ஷிப், நம்ம ஊர்ல பிரிட்டிஷ் ஓப்பன்னு சொல்றோமே, அதோட வரலாறு பத்தி என்ன வேணா கேளுங்க. ஸ்விங் சரியா வரல, எந்த கிளப் (பந்தடிக்கற கம்பு) வாங்கலாம், இதெல்லாம் என்கிட்ட வேணாம். அப்புறம் ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். ஹோல்னா பந்தை விழ வைக்க வேண்டிய குழி, ஸ்ட்ரோக்னா ஒரு அடி, கம்மி அடில முடிக்கறவங்கதான் ஜெயிப்பாங்க. 1891 வரைக்கும் மொத்தமே 36 ஹோல்தான், 1892லதான் 72 ஆச்சு, அதனால பழைய ஸ்கோரையும் இப்போ ஸ்கோரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காதீங்க. டாம் மோரிஸ்னு ரெண்டு பேர் இருக்காங்க, அப்பாவும் மகனும், யாரைக் கேக்கறீங்கன்னு சொல்லிட்டுக் கேளுங்க.

சேலம்காரர்: எப்படிங்க ஆரம்பிச்சது இது? ராஜா யாராவது ஆரம்பிச்சாரா?

ராஜா இல்லீங்க. ஸ்காட்லாந்துல ஆலன் ராபர்ட்சன்னு ஒருத்தர், அந்தக் காலத்துல அவரை மிஞ்ச ஆளே இல்லன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஆட்டக்காரர், 1859ல இறந்துட்டார். இனிமே யாரு முதல் ஆளுங்கற கேள்வி வந்துச்சு. மேற்குக் கரையில பிரெஸ்ட்விக் கிளப்காரங்க சரி, போட்டி வச்சே பாத்துடலாம்னு 1860 அக்டோபர் 17 அன்னைக்கு வச்சாங்க. வந்தது எட்டே பேர், எட்டும் புரொபஷனல். புரொபஷனல்னா இன்னைக்கு மாதிரி கோடீஸ்வரங்கன்னு நெனைக்காதீங்க, ஆடறவங்களோட கம்புப் பையைத் தூக்கற கேடி (caddie) வேலை பாக்கறவங்க, பந்து செய்யறவங்க, மைதானத்தைப் பாத்துக்கறவங்க, கிளப் மெம்பருங்க முன்னாடி தொப்பியக் கழட்டி நிக்க வேண்டியவங்க. அங்க 12 ஹோல்தான், அதை மூணு சுத்து, ஒரே நாள்ல. மஸல்பர்க் ஊர்க்காரர் வில்லி பார்க் 174 அடிச்சு ஜெயிச்சார், அப்பா டாம் மோரிஸ் 176. அப்பா டாம்தான் அந்த மைதானத்தையே பராமரிச்சவர், சொந்த மண்ணுல ரெண்டு ஸ்ட்ரோக்ல தோத்தார். பரிசு வெள்ளி பக்கிள் வச்ச சிவப்புத் தோல் பெல்ட். காசு ஒரு பென்னி கெடையாது. அடுத்த வருஷம் 1861ல அமெச்சூருங்களும் (காசுக்காக ஆடாதவங்க) ஆடலாம்னு தொறந்து விட்டாங்க, உண்மையான ஓப்பன் அப்போலேருந்துதான்.

ஈரோடு: அதிகமா ஜெயிச்சது யாரு?

ஹாரி வார்டன், 6 தடவை: 1896, 1898, 1899, 1903, 1911, 1914. அஞ்சு தடவை ஜெயிச்சவங்க ஜே.எச். டெய்லர், ஜேம்ஸ் பிரெய்ட், பீட்டர் தாம்சன், டாம் வாட்சன்.

கோவை: யு.எஸ். ஓப்பனும் இதுவும் ஒண்ணா?

இல்ல. அது 1895ல அமெரிக்கால ஆரம்பிச்ச தனிப் போட்டி.

தஞ்சாவூர் தம்பி: அண்ணா, 1871ல போட்டியே நடக்கலன்னு படிச்சேன், போரா?

போர் இல்ல தம்பி, நல்ல கேள்வி. தொடர்ந்து மூணு தடவை ஜெயிச்சா பெல்ட் அவங்களுக்கே சொந்தம்னு விதி இருந்துச்சு. மகன் டாம் 1868, 1869, 1870 மூணும் ஜெயிச்சு பெல்ட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். பரிசே இல்லாம எப்படி போட்டி வைக்கறது? பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பர்க் கிளப்புங்க மூணும் சேந்து ஆளுக்கு 10 பவுண்டு போட்டு ஒரு வெள்ளி ஜக் செய்யலாம், மாத்தி மாத்தி நடத்தலாம்னு முடிவு பண்ணாங்க. 1872ல போட்டி மறுபடி நடந்துச்சு, மறுபடி அவனேதான் ஜெயிச்சான், ஆனா ஜக் ரெடியாகல, மெடல் மட்டும் குடுத்தாங்க. ஜக்கைக் கையில முதல்ல வாங்கினது 1873ல டாம் கிட், அதுல முதல்ல பொறிச்ச பேர் மட்டும் மகன் டாமோடது. இன்னைக்கு ஜெயிக்கறவங்க தூக்கிக் காட்டறது நகல்தான், அசல் 1927லேருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ்லயே இருக்கு. போருக்காக நின்னது 1915லேருந்து 1919 வரை, 1940லேருந்து 1945 வரை. 2020 கொரோனா.

மதுரைக்காரர்: தப்பா எடுத்துக்காதீங்க சார், பத்துப் பதினஞ்சு பேர் ஆடின போட்டில மகன் டாம் நாலு தடவை ஜெயிச்சதெல்லாம் ஒரு சாதனையா? இன்னைக்கு 156 பேர் ஆடறாங்க. அந்தப் பையன் இப்ப வந்தா கட் (ரெண்டு நாள் ஆட்டம் முடிஞ்சதும் பின்தங்கினவங்களை வெளியேத்தறது) கூட தாண்ட மாட்டான்.

இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க, இதுக்கு நான் முழுசா பதில் சொல்லாம விடப் போறதில்ல. ஆள் கம்மிதான், ஒத்துக்கறேன், பெல்ட் இருந்த வருஷங்கள்ல ஒரு தடவை கூட இருபது பேர் தேறல. ஆனா அந்தக் கொஞ்சம் பேர் யாருன்னு பாருங்க, அப்பா டாம் (நாலு தடவை சாம்பியன்), வில்லி பார்க் (அவரும் நாலு தடவை), அன்னைக்கு உலகத்துல இருந்த நல்ல ஆட்டக்காரங்க பெரும்பாலும் அங்கதான் இருந்தாங்க. சரி, ஆளை விடுங்க, ஸ்கோரைப் பாருங்க. 1860லேருந்து 1867 வரைக்கும் எட்டு போட்டி, ஜெயிச்ச ஸ்கோர்ல ஒண்ணு கூட 160க்குக் கீழ இல்ல. 1870ல மகன் டாம் அடிச்சது 149. அதே பிரெஸ்ட்விக், அதே மரக் கம்பு, அதே கட்டா பெர்ச்சா (மரப்பால்ல செஞ்ச) பந்து, ரெண்டாவதா வந்தவங்களை விட 12 ஸ்ட்ரோக் கம்மி. அன்னைக்கு முதல் ஹோல் 578 கெஜம், அதை மூணுல முடிச்சான். மூணு! அந்தப் பந்து இன்னைக்குப் பந்து போற தூரத்துல பாதி போனாலே பெருசு. 36 ஹோலா இருந்த 1891 வரைக்கும் அந்த 149ஐ யாராலயும் தொட முடியல. இருபத்தோரு வருஷம் சார்.

மதுரைக்காரர்: இருந்தாலும் டைகர் உட்ஸ் கூட வச்சுப் பாக்க முடியுமா?

நான் வச்சுப் பாக்கவே இல்லயே, நீங்கதான வைக்கறீங்க. டைகர் 2000ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல நாலு நாளும் ஒரு பங்கர்ல (மணல் குழி) கூட விழாம 8 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சது பெரிய விஷயம், அது அவரோட காலத்துல. ஒருத்தரை அவரோட காலத்து ஆளுங்களுக்கு எதிராதான் எடை போடணும். அப்படிப் போட்டா மகன் டாம் யாருக்கும் குறைஞ்சவன் இல்ல. தொடர்ந்து நாலு போட்டி ஜெயிச்சவங்க இன்னைக்கு வரைக்கும் வேற யாரும் கெடையாது.

திருச்சி அக்கா: மகன் டாம் ஏன் 1872க்கு அப்புறம் ஜெயிக்கல?

24 வயசுலயே போயிட்டான்க்கா. 1875 செப்டம்பர்ல நார்த் பெரிக்ல அப்பாவும் மகனும் ஒரு பந்தய ஆட்டம் ஆடிட்டு இருந்தப்ப, மகனோட மனைவிக்குப் பிரசவத்துல ஆபத்துன்னு தந்தி வந்துச்சு. படகுல கடல் தாண்டி ஊருக்கு விரைஞ்சாங்க, தாயும் பிள்ளையும் பிழைக்கல. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவனும் இறந்துட்டான். அப்பா டாம் 1908 வரைக்கும் இருந்தார்.

நாகர்கோவில்: டாம் மோரிஸ் 46 வயசுல ஜெயிச்சாரா, 17 வயசுலயா? ரெண்டும் போட்டிருக்கே.

மேலயே சொன்னேன், ரெண்டு பேர்னு. 46 வயசு அப்பா, 1867. 17 வயசு மகன், 1868. வயசுல மூத்த சாம்பியனும் இளைய சாம்பியனும் அடுத்தடுத்த வருஷம், ஒரே வீட்டுல.

வேலூர்: இப்போ 270 அடிக்கறாங்க, வில்லி பார்க் 174 அடிச்சிருக்கார், அப்போ அவர்தான பெரிய ஆளு?

36 ஹோல். முதல் பத்தியைப் படிச்சுட்டு வாங்க.

பாண்டிச்சேரி: புரொபஷனல்களை மதிக்க மாட்டாங்கன்னீங்களே, எப்போ மாறிச்சு?

மெதுவாதான். 1920ல இங்கிலாந்துல இருக்கற டீல் மைதானத்துக்கு அமெரிக்கால இருந்து வால்டர் ஹேகன் வந்தப்ப கூட கிளப் வீட்டுக்குள்ள விடல, புரொபஷனலுக்கு இடமில்லன்னுட்டாங்க. மனுஷன் ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்து கிளப் வாசல்லயே நிறுத்தி அதுக்குள்ள டிரெஸ் மாத்தினார். ஆட்டம் அந்த வருஷம் சரியா வரல, ஆனா 1922ல வந்து ஜெயிச்சார், அமெரிக்கால பொறந்து இதை ஜெயிச்ச முதல் ஆள் அவர்தான். பொம்பளைங்க விஷயம் இன்னும் மோசம். மியூர்ஃபீல்ட் கிளப் 2016ல பெண்களை மெம்பரா சேக்க மாட்டோம்னு ஓட்டுப் போட்டாங்க, உடனே இனிமே ஓப்பன் அங்க நடக்காதுன்னு போட்டியை நடத்தற ஆர் அண்ட் ஏ அமைப்பு சொல்லிடுச்சு, 2017ல மறுபடி ஓட்டுப் போட்டு சேத்துக்கிட்டாங்க. கொஞ்ச நாள் முன்னாடி நடந்த விஷயங்க இது, பழங்கதை இல்ல.

சென்னை: நம்ம ஆளுங்க?

2023ல ஹாய்லேக்ல ஷுபாங்கர் சர்மா எட்டாவது இடத்தைப் பகிர்ந்துக்கிட்டார். ஓப்பன்ல இந்தியர் ஒருத்தரோட நல்ல முடிவு அதுதான்.

ஓசூர்: பிகினருக்கு நல்ல டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கற கம்பு) எது சார்?

கோச் யாரையாவது கேளுங்க.

திண்டுக்கல்: அதிக தடவை ஜெயிச்சது யாருன்னு சொல்லுங்களேன்.

வார்டன், 6. மேல இருக்கு, தேடிப் பாத்துட்டுக் கேளுங்கப்பா.

நெல்லை: 1999 கார்னூஸ்டி பத்தி சொல்லுங்க, அந்த பிரெஞ்சுக்காரர் தண்ணிக்குள்ள நின்னது.

ஜான் வான் டி வெல்ட. கடைசி ஹோலுக்கு வரும்போது மூணு ஸ்ட்ரோக் முன்னிலை, ஆறு அடிச்சாலே ஜக் அவருக்கு. ரெண்டாவது அடி கேலரில பட்டுத் திரும்பி புதருக்குள்ள விழுந்துச்சு, மூணாவது பாரி பர்ன் ஓடைக்குள்ள, ஷூவைக் கழட்டிட்டு இறங்கி நின்னு பாத்துட்டு பெனால்டி எடுத்தார், அடுத்தது பங்கர், கடைசில ஏழு. எல்லாரும் இந்த வீடியோவையே பாக்கறீங்க, ஜெயிச்சது யாருன்னு கேட்டா தெரியல. பால் லாரி, ஸ்காட்லாந்துக்காரர், கடைசி நாள் காலைல 10 ஸ்ட்ரோக் பின்னால இருந்தார், அவ்வளவு கஷ்டமான மைதானத்துல 67 அடிச்சு மேல வந்தார். மூணு பேர் சமமா முடிச்சதால பிளே-ஆஃப்னு கூடுதலா நாலு ஹோல் ஆடினாங்க, அதுல 17, 18 ரெண்டுலயும் பேர்டி (அந்த ஹோலுக்கு வச்ச கணக்கை விட ஒரு அடி கம்மி) போட்டு லாரி ஜெயிச்சார்.