சார்பில்லாத நாளிதழ் உண்டா?

எந்த நாளிதழை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சார்பே இல்லாத தாளைத் தேடினால் கிடைக்காது. சார்பு பெரும்பாலும் அப்பட்டமான பொய்யாக வராது, வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும். ஒரே அமைச்சர் ஒரு தாளில் 'விளக்கம் அளித்தார்', இன்னொன்றில் 'மழுப்பினார்'. 'போலீஸ் சுட்டதில் மூவர் பலி', 'மோதலில் மூவர் பலி' இரண்டும் ஒரே சம்பவமாக இருக்கலாம். இரண்டாவதில் சுட்டவர் காணாமல் போய்விட்டார்!

நான் முதலில் பார்ப்பது, திருத்தம் வெளியிடுகிறார்களா என்பதைத்தான். தவறை மறைக்கும் தாளுக்கு என்னிடம் மதிப்பில்லை.

ஐந்து தாள்களில் வந்துவிட்டதே என்றும் நம்பிவிடாதீர்கள். 1846-இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், 1851-இல் தொடங்கிய ராய்ட்டர்ஸ் போன்ற நிறுவனங்களிடம் வாங்கிய ஒரே செய்தியை, தலைப்பை மட்டும் மாற்றி ஐந்து பேரும் போட்டிருக்கலாம். செய்தியின் தொடக்கத்திலோ முடிவிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.