‘செட்’டுக்கு எத்தனை அர்த்தம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் எட்டாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். பாடத்தில் ‘செட்’ என்ற சொல் வந்தது. டிக்‌ஷனரியைப் புரட்டினால் ஒரு பக்கத்துக்கு மேல் அர்த்தம் போட்டிருக்கிறது. தினம் பத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். மூன்றாம் நாளே அழுதுவிட்டாள். மூன்றெழுத்துச் சொல்லை எப்படித்தான் படிப்பது?

கே., காவேரிப்பட்டணம்

அன்புள்ள கே.,

அந்த மனப்பாடத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். பிள்ளைமேல் தப்பே இல்லை. 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு இந்தச் சொல்லுடையதுதான். வினையாக மட்டும் நானூறுக்கு மேல் பொருள். இங்கிலாந்தில் பிறந்தவர்கள்கூட அதை உருப்போட்டதில்லை.

உண்மையில் அங்கே இரண்டு சொற்கள் ஒரே உருவில் நிற்கின்றன. ஒன்று, ‘உட்காரவை’ என்ற பொருளில் தொடங்கிய பழைய ஆங்கில வினை. பொறி வைப்பது, நாள் குறிப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாம் அதன் கிளைகள். மற்றது தொகுதி, கூட்டம் என்ற பொருளில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

உங்கள் ஊரிலேயே இரண்டும் புழங்குகின்றன. தளம் போட்ட கொத்தனார், “செட் ஆகட்டும், யாரும் மிதிக்காதீங்க” என்பாரே, அது முதல் வகை. மாந்தோப்பில் ஓடும் பம்பு செட்டும், ஓசூர்ப் பக்கத்துச் செட் தோசையும் இரண்டாம் வகை. இதையெல்லாம் உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிட்டது. பஸ் பிடிப்பதையும் சளி பிடிப்பதையும் களியை உருண்டை பிடிப்பதையும் நாம் அப்படித்தானே கற்றோம்! “இந்த வேலை எனக்குச் செட் ஆகலை” என்பது மட்டும் நம் ஆட்கள் உண்டாக்கிக்கொண்டது. பேச்சில் அழகாக இருக்கிறது, பரீட்சையில் வேண்டாம்.

ஆக்ஸ்போர்டு பேரகராதி சொல்லின் வரலாற்றைச் சொல்வது, அதனால் பழைய பொருளை முன்னால் வைக்கும். மாணவர்களுக்கென்றே ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ விற்கிறார்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். அதை வாங்கிக் கொடுங்கள். சொல்லை எழுதாமல் வாக்கியத்தை முழுசாக எழுதட்டும். ‘செட் ஆஃப்’ என்றால் புறப்படுவது. அதுவே பட்டாசோடு வந்தால் வெடிக்கவைப்பது. தனியாக எழுதிவைத்தால் எது என்று யாருக்குத் தெரியும்?

பாடத்தில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை உங்கள் மகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவளுக்கே பதில் எழுதுகிறேன்.