ஃபோட்டோஷாப்பில் வெட்டி வேறு படத்தில் வைத்த உருவத்தின் முடியோரம் வெள்ளைக் கோடு ஏன் தெரிகிறது?
வெளிர் பின்னணியில் எடுத்த ஆளை இருண்ட படத்தில் வைக்கும்போது வரும் சிக்கல் இது. முடி நுனிப் பிக்சல்களில் பழைய பின்னணியின் நிறம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. லேயர் மாஸ்க் (படத்தின் பகுதிகளை அழிக்காமல் மறைக்கும் திரை; அதில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்) அவற்றை எவ்வளவு மறைப்பது என்பதைத்தான் தீர்மானிக்கும், நிறத்தை மாற்றாது. மாஸ்க்கின் விளிம்பை மங்கலாக்கும் ஃபெதரைக் கூட்டினால் கோடு இன்னும் அகலமாகும்.

ஃபோட்டோஷாப்பில் மாஸ்க்கைத் தேர்ந்து கறுப்பு-வெள்ளை அளவைச் சரிசெய்யும் லெவல்ஸைத் திறந்து, கறுப்பு முனையை 20 அல்லது 30 வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். மங்கிய விளிம்பு மறையும். ரொம்பவும் நகர்த்தினால் முடி கத்தரியால் வெட்டியதுபோல் ஆகிவிடும், கவனம்.

மிச்சமிருக்கும் வெள்ளைக்கு, மேலே புது லேயர் போட்டுக் கிளிப் செய்து (கீழ் லேயரின் உருவத்துக்குள் மட்டும் தெரியும்படி இணைத்து), கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் முடியின் நிறத்தையே மென்மையான பிரஷால், ஃப்ளோ (வண்ணம் வழியும் அளவு) 20% வைத்து, ஓரத்தில் மட்டும் தடவுங்கள். கருமுடிக்கு இது மிக நன்றாக வரும். அழிப்பானைத் தொடவே வேண்டாம். மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளை பூசி மீட்கலாம், அழித்ததை அப்படி மீட்க முடியாது.