ஒரே ஒரு கிட்டாருடன் ஒருவர் நடத்தும் ப்ளூஸ் கச்சேரி சலிப்பூட்டாதா? எதைக் கேட்டுத் தொடங்கலாம்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாட்டார் இசையான ப்ளூஸில் பெயர்பெற்ற பாடகரும் கிட்டார் கலைஞருமான மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1965 ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில் நடத்திய கச்சேரியின் ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள். அவர் மறைந்த பிறகு வேன்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் அதை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டபோது, 'ஜான் ஹர்ட்டின் சிறந்தவை' என்று பொருள்படும் தலைப்பை வைத்துவிட்டது. ஆகையால் அங்கும் இங்கும் பொறுக்கியெடுத்த தொகுப்பு என்று நினைத்துப் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். உண்மையில் அது ஒரே மேடையில், எழுபதைக் கடந்த ஒரு முதியவர், பக்கவாத்தியம் ஏதுமின்றி இருபதுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிய நிகழ்ச்சி.

சலிப்பூட்டுமா என்ற கேள்விக்கு விடை அவருடைய வலது கைக் கட்டைவிரலில் இருக்கிறது. கிட்டார் பழகுபவன் என்பதால் நான் முதலில் கவனித்ததும் அதைத்தான். 'சி' கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) பிடித்துக்கொண்டு வாசிக்கும்போது கட்டைவிரல் ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பியையும் மாறி மாறி, தாளம் பிசகாமல் தொட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் உயர்சுரக் கம்பிகளில் பாட்டின் மெட்டை, அதுவும் தாளத்திற்குச் சற்று முன்போ பின்போ விழும்படி, வாசித்துச் செல்கின்றன. கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போலவே தோன்றும். இதைத் தனித்தனியாக வாசிக்க எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கட்டைவிரலை அதன் போக்கில் விட்டுவிட்டு வாயைத் திறந்து பாடத் தொடங்கும்போதுதான் எல்லாம் குலைந்துபோகும். ஹர்ட்டோ பாடலின் நடுவே அடியின் கடைசிச் சொற்களைப் பாடாமல் விட்டு, அவற்றைக் கிட்டார் முடித்துவைக்கும்படி செய்கிறார்.

அவருடைய வரலாறு சுருக்கமாக இதுதான். மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்கும் இடத்தில் உள்ள அவலான் என்ற சிற்றூரில் வளர்ந்து, தானாகவே கிட்டார் கற்றுக்கொண்ட பண்ணைத் தொழிலாளி அவர். பக்கத்தில் வசித்த பிடில் கலைஞர் வில்லி நார்மோரின் பரிந்துரையால் 1928இல் ஓக்கே நிறுவனத்துக்காக மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் பாடிப் பதிவுசெய்தார். தட்டுகள் சரியாக விற்கவில்லை. அடுத்த ஆண்டே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. அவரும் ஊரோடு இருந்துவிட்டார். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், பழைய இசைத்தட்டு ஒன்றில் ஹர்ட் தன் சொந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாடியிருந்ததையே துப்பாகக் கொண்டு தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தபோது, பெரியவரின் கையில் சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை. அதே ஆண்டு கோடையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவின் மேடையில் அவர் அமர்ந்திருந்தார்.

ஓபர்லின் கச்சேரிக்குத் திரும்புவோம். முதலில் தேவாலயப் பாடல்கள், அவற்றுக்குப் பின்னால் ப்ளூஸ், கொலையாளி ஒருவனைப் பற்றிய கதைப்பாடல், இடையே வெறும் வாத்திய இசை என்று நிகழ்ச்சி நகர்கிறது. பக்தியும் குறும்பும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் வருவதைக் கேட்டு எனக்குத் தொடக்கத்தில் வியப்பாக இருந்தது. ப்ளூஸ் என்ற வகை தனியாகப் பிரிவதற்கு முன்பே ஊர் நடனங்களில் எல்லா வகைப் பாட்டும் பாடிப் பழகியவர் என்பதால், அவருக்கு அது வேறுபாடாகவே பட்டிருக்காது. காபியைப் பற்றிய பாடலில், மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூளின் பெருமையைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குள் நுழைகிறார். அந்தப் பாடலில் வரும் ஒரு சொற்றொடரிலிருந்துதான் 'லவிங் ஸ்பூன்ஃபுல்' என்ற ராக் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. கேசி என்ற ரயில் ஓட்டுநரின் கதையில் ரயிலின் கூவலையும் மணியோசையையும் கிட்டாரிலேயே எழுப்புகிறார். இந்த ஒரு பாடலை மட்டுமாவது ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ப்ளூஸ் என்றாலே நெஞ்சைப் பிளக்கும் ஓலம் என்று எதிர்பார்த்து வருபவருக்கு ஹர்ட் ஏமாற்றம் தரலாம். அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது என்பதுபோல் பாடுகிறார். அந்த ஆவேசம் வேண்டுமென்றால், அவருக்கு அடுத்த ஆண்டு, அதாவது 1964இல், அதேபோல் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட சன் ஹவுஸ் என்ற ப்ளூஸ் பாடகரைக் கேளுங்கள். கம்பிகளை அறைந்து வாசிக்கும் அவருடைய முறைக்கும் ஹர்ட்டின் வாசிப்புக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும். என் விருப்பம் ஹர்ட்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒலிப்பதிவை ஒரே மூச்சில் கேட்க முடிவது அந்தத் தணிந்த குரலால்தான் என்று நினைக்கிறேன்.

அது பிடித்துப்போனால், அடுத்ததாக 1928ஆம் ஆண்டுப் பதிவுகளைத் தேடுங்கள். இசைத்தட்டின் இரைச்சலை முதல் இரண்டு நிமிடங்கள் பொறுத்துக்கொண்டால் போதும். அவற்றில் 'ஃப்ராங்கி' பாடல் எவ்வளவு விறுவிறுப்பாக ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். முப்பதுகளின் நடுவில் இருந்த மனிதரின் விரல்கள் அவை. 1966 நவம்பரில் அவர் இறந்தார். மீண்டும் மேடை ஏறிய பின் அவருக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று ஆண்டுகள்.