மதுரையைச் சுற்றி ஆளரவம் குறைந்த பாறை மலைகளுக்கு ஒரு குழுவை ஒரே நாளில் அழைத்துச் சென்று வருவது எப்படி?

யானைமலையையும் திருப்பரங்குன்றத்தையும் பார்த்தாயிற்று, நண்பர்கள் பதினைந்து பேரோடு அதிகம் பேர் ஏறாத வறண்ட உச்சிகளுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியையும் மாங்குளத்தையும் ஒட்டிய குன்றுகளைப் பரிந்துரைக்கிறேன். அழகர்மலைக் காடு வேண்டாம். அது காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது.

இந்தக் குன்றுகளின் உயரத்தைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வெயிலுக்கு. மேலே மரம் கிடையாது. காலை 7 மணிக்குக் குளிர்ந்திருக்கும் மொட்டைப்பாறை, முற்பகல் முடிவதற்குள் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். அதன் பிறகு தலைக்கு மேலிருந்து வரும் வெப்பத்தைவிடக் காலுக்கு அடியிலிருந்து எழும் வெப்பமே ஆளைச் சாய்க்கும். ஆகவே ஒரு நாள் பயணத்தை ஒரே மூச்சாக வகுக்காமல், வெயிலுக்கு நடுப்பகலை விட்டுக்கொடுத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியும்போதே நடக்கத் தொடங்கி, உச்சிக்கு ஏறி, பத்தரைக்குள் அனைவரும் அடிவாரம் வந்துவிட வேண்டும். உச்சிக்கு இன்னும் சிறிது தூரமே இருந்தாலும் 9 மணிக்குத் திரும்பிவிடுவோம் என்பதை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். மலை மேல் நின்றுகொண்டு அதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரைதான் இதற்கு உகந்த காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம். பாறையின் மேல் மழைநீர் வழிந்த தடங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். காய்ந்திருக்கும்போது அவை பிடிமானம் தரும். நனைந்துவிட்டால் அதே இடத்தில் பாசி வழுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வெயிலிலும் மழையிலும் பாறை தோல் தோலாக உரிந்து, மேல்பாளம் அடியோடு ஒட்டாமல் நிற்கும். காலால் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற ஓசை எழும். அந்த ஓசை கேட்ட இடத்தில் ஒருவரும் மிதிக்காமல், முன்னே செல்பவர் எல்லோரையும் விலக்கி நடத்த வேண்டும்.

பதினைந்து பேர் என்பதே அதிகம், பன்னிரண்டோடு நிறுத்துங்கள். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னே செல்லட்டும், பொறுமைசாலி ஒருவர் கடைசியில் வரட்டும், நடப்பதில் மெதுவானவர் முன்னே செல்பவருக்கு அடுத்தபடியாக நடக்கட்டும். ஏறும்போது உற்சாகமாக இருப்பவர்களில் சிலர் இறங்கும் சரிவைப் பார்த்ததும் நடுங்கி உட்கார்ந்துவிடுவதுண்டு. உங்கள் குழுவில் அவர்கள் யார் என்று முன்கூட்டியே அறிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிச் சமணர்மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளத்தையும் தாண்டி மேலே அழைத்துச் சென்று இறக்கிப் பாருங்கள். இந்த ஒத்திகையை நான் மிகவும் வற்புறுத்துவேன்.

ஊராரிடம் சொல்லாமல் மலையில் கால் வைக்காதீர்கள். அரிட்டாபட்டியும் அதை ஒட்டிய மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது இந்த ஊர்களின் மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அப்படி மீட்ட மலையில் முன்பின் தெரியாத கூட்டம் டிரோனோடு ஏறினால் அவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள், விசாரிப்பது அவர்களுடைய உரிமையும்கூட. ஒரு வாரம் முன்பே போய்ப் பெரியவர்களைப் பாருங்கள். எந்தப் பாறை கோயிலுக்கு உரியது, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். ஆடு மேய்க்கும் ஒருவரை வழிகாட்ட அழைத்து, அவருடைய ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டும் செங்குத்துப் பாறைகளை அவர் காட்டுவார். குஞ்சு பொரிக்கும் பருவமும் ஏறத்தாழ இதே மாதங்கள்தான் என்பதால் அங்கே நெருங்க வேண்டாம். மலைத்தேனீ அடை தொங்கும் இடங்களும் அவருக்குத் தெரியும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றையும் அன்றைக்கு அறவே விலக்குங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். சுனை நீரை நம்பாதீர்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்கட்டும். பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது, விரியன் இருக்கலாம். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல், நடக்க விடாமல் தூக்கி வந்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நடுப்பகலில் கண்மாய்க்கரை நிழலில் புளியோதரையும் மோரும் போதும். அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் உள்ள பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலை இந்த நேரத்தில் நிதானமாகப் பார்க்கலாம். சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கும் அரிய இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு மூன்றரை மணிக்கு மாங்குளம் மலைக்குப் போங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும், தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் அங்கேதான் உள்ளன. துறவிகளுக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளும் உண்டு. எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். ஜனவரியில் ஆறேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஐந்தரைக்கே இறங்கத் தொடங்கி, வேனில் ஏறும் முன் தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.