பீச் தோப்பை அழித்துப் புல் வளர்க்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் சிறு பண்ணை வைத்திருக்கிறோம். மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக வயதான பீச் மரங்கள் (beech, பழம் தரும் peach அல்ல) தோப்பாக நிற்கின்றன. அடியில் புல்லே முளைப்பதில்லை. பாதியை வெட்டி விறகுக்கு விற்றுவிட்டு, மீதியை நிழலுக்கு விடலாமா? பன்றிகளும் இரண்டு குதிரைகளும் இருக்கின்றன. அவற்றை உள்ளே விடலாமா?

பதில்: பாதியை ஒரே மூச்சில் வெட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பீச் மரத்தின் பட்டை மெல்லியது. பக்கத்து மரங்களின் நிழலிலேயே வளர்ந்த அடிமரத்தில் திடீரென்று நேர் வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும். அந்தப் பிளவில் பூஞ்சை நுழைந்துவிட்டால், நிழலுக்கென்று நீங்கள் விட்டுவைத்த மரமும் சில ஆண்டுகளில் போய்விடும். வேரும் ரொம்ப ஆழம் இறங்காது. 2018 கோடை வறட்சிக்குப் பிறகு ஜெர்மனியிலேயே எத்தனையோ பீச் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

விறகு வேண்டும்தான் என்றால் தெற்கு, மேற்கு ஓர மரங்களைத் தொடாமல், உள்ளிருந்து ஒன்றிரண்டாக, ஆண்டுகள் இடைவெளி விட்டு எடுங்கள். மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுக்கு வெளியே உள்ள மரங்களை வெட்ட அங்கே பொதுவாகத் தடை உண்டு. உங்கள் தோப்பு காடாகக் கணக்கில் இருந்தால் விதியே வேறு. வன அலுவலகத்தில் கேட்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். பொந்து உள்ள மரம் விறகுக்கும் பெரிதாக உதவாது, அதை அப்படியே விடுங்கள். கருப்பு மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் காட்டுப்புறாவும் ஆந்தையும் வௌவாலும் குடியேறும்.

எப்படி வெட்டினாலும் அங்கே நல்ல புல்லை எதிர்பார்க்க வேண்டாம். அத்தனை அடர்ந்த நிழல் அது.

பன்றிகளைத் தாராளமாக விடலாம். இலையுதிர் காலத்தில் பீச், ஓக் காடுகளுக்குப் பன்றிகளை ஓட்டிப்போவது ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இருக்கும் வழக்கம். பீச் கொட்டையில் எண்ணெய் நிறைய, பன்றி நன்றாகக் கொழுக்கும். ஆனால் எல்லா ஆண்டும் காய்க்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கொட்டித் தீர்க்கும், அதை நம்பித் தீவனக் கணக்குப் போடாதீர்கள். கொட்டை தீர்ந்ததும் பன்றிகளை வெளியே ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேரைக் கிளறிவிடும். குதிரைகள் விஷயம் வேறு. பீச் கொட்டையும் அதன் புண்ணாக்கும் குதிரைக்கு நஞ்சு. கொட்டை உதிரும் பருவத்தில் அந்தப் பக்கமே விடாதீர்கள். மனிதர்களும் பச்சையாக நிறையத் தின்றால் வயிறு கெடும், வறுத்துக் கொஞ்சம் தின்னலாம்.

விறகைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, இரண்டு ஆண்டுகளாவது காயவிடுங்கள். நின்று எரியும், நல்ல விலையும் போகும். நேரான அடிமரம் கிடைத்தால் விறகாக்க வேண்டாம். நாற்காலி, தரைப்பலகை, கருவிப் பிடி எல்லாவற்றுக்கும் பீச் கேட்கிறார்கள், ஆவியில் வேகவைத்தால் அழகாக வளையும். வேலிக் கம்பமாக மட்டும் நட்டுவிடாதீர்கள். மருந்து ஏற்றாத பீச் ஈர மண்ணில் ஐந்து ஆண்டு கூடத் தாங்காது.